எம்ஆர்ஐ நார்மல் என்று வந்த பிறகும் பேச்சு ஏன் தடம் மாறுகிறது? – விவாத இழை

வாடைக்கரை (பாம்பன்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு இருபது வயது முடிந்திருக்கிறது. பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவுடன் நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தான். சில மாதங்களாக அவன் பேச்சில் ஒரு மாற்றம் தெரிகிறது. சொற்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன, வாக்கியமும் பிழையில்லாமல் வருகிறது. ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள கட்டு அவிழ்ந்துவிடுகிறது. மோட்டார் சரியாகிவிட்டதா என்று அப்பா கேட்டால், மோட்டாருக்கு டீசல் வேண்டும், டீசல் விலை டெல்லியில் இருக்கிறது, டெல்லியில் பனி பெய்கிறது, பனிக்காலத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் என்னை நிற்க வைத்தார்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறான். கேட்ட கேள்விக்குத் திரும்புவதே இல்லை. இரவில் தூங்குவதில்லை; யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்றும் சொல்கிறான்.

தனியார் ஸ்கேன் மையம் ஒன்றில் எம்ஆர்ஐ எடுத்தோம். நார்மல் என்று அறிக்கை வந்தது. அது வந்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. மூளையில் ஒன்றுமில்லை என்று மெஷினே சொல்லிவிட்டது, இது காற்று கருப்பு என்கிறார்கள் பெரியம்மா வீட்டார். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்பது சித்தப்பாவின் கட்சி. சைக்கோசிஸ், அதாவது நடப்புக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு தளரும் மனநோய்நிலை, தொடங்கும் காலத்தில் மூளைப் பகுதிகளுக்கு இடையேயான இணைப்பு மாறுகிறது என்று நான் படித்தேன். அப்படியானால் எங்கள் அறிக்கையில் அது ஏன் வரவில்லை? மதுரைக்குப் போய் இன்னும் பெரிய ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது.

நரம்பிழை (தங்கச்சிமடம், இப்போது வெளியூரில் ஆய்வு மாணவர்)

அக்கா, நகையை அடகு வைக்க வேண்டாம். காரணத்தைச் சற்று நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் அந்த ஒரே அறிக்கையைத் தவறாகப் படித்துத்தான் பிரிந்து நிற்கின்றன.

மருத்துவமனையில் எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டுகிறது. கட்டி, இரத்தக்கசிவு, பழைய பக்கவாதத்தின் தழும்பு, நீர் தேக்கம் போன்றவை இருந்தால் அதில் தெரியும்; அவை இல்லை என்பதே அந்த 'நார்மல்'. பாம்பன் கரையில் நின்று படகுகளைப் படம் பிடித்தால் எந்தப் படகின் பலகை உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கடலுக்குள் போன பிறகு அந்தப் படகுகள் வயர்லெஸ்ஸில் ஒன்றுக்கொன்று சரியாகப் பேசிக்கொள்கின்றனவா என்பதை அந்தப் படம் சொல்லாது. நீங்கள் படித்த 'இணைப்பு' இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதை அளக்க ஆய்வுக்கூடங்களில் எஃப்எம்ஆர்ஐ என்னும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் ஏறிய இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு முறை பதிவு செய்து, எந்தெந்தப் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன என்று கணக்கிடுகிறார்கள். ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போதுகூட இடப்புறத்து இயக்கப் பகுதியும் வலப்புறத்து இயக்கப் பகுதியும் ஒத்திசைந்து ஏறி இறங்குகின்றன என்று 1995இல் பிஸ்வால் குழுவினர் காட்டினார்கள். அதன் பிறகே 'ஓய்வுநிலை இணைப்பு' என்னும் ஆய்வுத்துறை வளர்ந்தது. ஆக, இந்தத் துறையில் இணைப்பு என்று சொல்லும்போது பெரும்பாலும் தாள ஒற்றுமையைத்தான் சொல்கிறார்கள். கம்பி அறுந்ததைப் பார்த்துச் சொல்வதில்லை. நரம்பிழைக் கற்றைகளைப் பார்க்க டிடிஐ என்று வேறொரு முறை இருக்கிறது. அது அந்தக் கற்றைகளின் வழியே நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் பரவுகின்றன என்பதை அளக்கிறது.

இனிப் பேச்சுக்கு வருவோம். உங்கள் தம்பி பேசியதில் மோட்டார், டீசல், டெல்லி, பனி, வராந்தா என்று ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லின் பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறது. மொத்தமாக எங்கே போக வேண்டும் என்பதுதான் கைவிட்டுப் போகிறது. சைக்கோசிஸ் வகையைச் சேர்ந்த மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் வழங்கும் 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயரைத் தந்த சுவிஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளூலர், 1911இல் வெளியான நூலில், எண்ணங்களுக்கு இடையிலான கட்டுத் தளர்வதையே இந்நோயின் அடிப்படைக் குறிகளுள் ஒன்றாக வைத்தார். நாம் ஒரு விடை சொல்லும்போது கேள்வியை மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும், அருகில் எழும் வேண்டாத சொற்களை ஒதுக்க வேண்டும், கேட்பவர் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிகிறதா என்று கவனிக்கவும் வேண்டும். இம்மூன்றும் மூளையின் ஒரே இடத்தில் நடப்பவை அல்ல. இடது நெற்றிப் பகுதியின் கீழ்ப்புறமும், இடது காதுக்கு மேலுள்ள பகுதியும், அவற்றை இணைக்கும் வில் வடிவ நரம்பிழைக் கற்றையும் மொழிக்குரியவை. எது முக்கியம் என்று தேர்ந்து கவனத்தைத் திருப்பும் வலையமைப்பு, இன்சுலா என்னும் உள்மடிப்பை மையமாகக் கொண்டது. தனக்குள் நினைவுகளில் ஆழ்ந்திருக்கும்போது இயங்கும் 'இயல்புநிலை வலையமைப்பு' வேறு. ஒன்று ஓங்கும்போது மற்றொன்று தாழ வேண்டும். பேச்சுச் சிதறல் கூடுதலாக உள்ளவர்களிடம் மொழிப் பகுதிகளுக்குள்ளும், இந்த வலையமைப்புகளுக்கு இடையிலும், மூளையின் நடுவிலிருந்து செய்திகளைக் கடத்தும் தலாமஸுக்கும் மூளையின் மேற்பரப்பான புறணிக்கும் இடையிலும் ஒத்திசைவு மாறியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எல்லா இடத்திலும் குறைவு என்றும் சொல்ல முடியாது. தலாமஸ் நெற்றிப் பகுதியுடன் கொள்ளும் தொடர்பு தளர்ந்தும், புலன்-இயக்கப் பகுதிகளுடன் கொள்ளும் தொடர்பு மிகுந்தும் இருப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று.

தொடக்கக் கட்டத்தை ஏன் தனியாக ஆராய்கிறார்கள் என்றும் கேட்கலாம். பத்தாண்டுகள் மாத்திரை உண்டவரின் மூளையில் ஒரு மாற்றம் தெரிந்தால் அது நோயினாலா, மருந்தினாலா, நீண்டநாள் முடங்கிக் கிடந்ததாலா என்று பிரித்தறிவது கடினம். முதல் முறையாக மருத்துவரிடம் வந்தவரிடம் அந்தக் குழப்பம் குறைவு. மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மனநல ஆய்வாளர் லேனா பழனியப்பன் போன்றவர்கள் பேச்சுச் சிதறலையும் மூளை இணைப்பையும் தொடக்கநிலை நோயாளிகளிடம் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

கணக்குப்பிள்ளை (பரமக்குடி, புள்ளியியல் ஆசிரியர்)

தம்பி நரம்பிழை சொன்னதில் தவறில்லை. ஆனால் எடைக்கல்லைச் சரிபார்க்காமல் எடையை மட்டும் சொல்லியிருக்கிறார்.

முதலாவதாக, இந்த ஆய்வுகள் சொல்வதெல்லாம் சராசரி. நோயுள்ள ஒரு குழுவின் சராசரியும் நோயில்லாத குழுவின் சராசரியும் சற்று விலகியிருக்கின்றன. ஆனால் இரண்டு குழுக்களின் பரவலும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. நோயில்லாத பலருடைய அளவு நோயாளிகளின் சராசரிக்கே அருகில் இருக்கும். 2018இல் வுல்ஃபர்ஸ் குழுவினர் மூளை அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு நோயாளியும் எந்த இடத்தில் இயல்பிலிருந்து விலகுகிறார் என்று தனித்தனியாகப் பார்த்தபோது, ஒரே இடத்தில் விலகியவர்கள் மிகச் சிலரே என்று தெரிந்தது. ஆகவே பெரிய ஸ்கேன் எடுத்தாலும் உங்கள் தம்பிக்கு நோய் உண்டு, இல்லை என்று அது சொல்லப்போவதில்லை, தங்கச்சி. சைக்கோசிஸை எஃப்எம்ஆர்ஐ கொண்டு உறுதிப்படுத்துவது எங்கும் மருத்துவ நடைமுறையாகவில்லை.

இரண்டாவது, தலை அசைவு. ஸ்கேன் குழாய்க்குள் ஒருவர் தலையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைத்தாலே கணக்குக் கெடுகிறது. அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பு கூடியதுபோலவும், தொலைவில் உள்ளவற்றின் இணைப்பு குறைந்ததுபோலவும் பொய்யாகத் தோன்றும் என்பதை 2012இல் பவர் குழுவினர் விளக்கமாகக் காட்டினார்கள். பதற்றத்தில் இருக்கும் நோயாளி மற்றவரைவிட அதிகம் அசைவார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு முன் வந்த முடிவுகளை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன்.

மூன்றாவது, ஆட்களின் எண்ணிக்கை. 2022இல் 'நேச்சர்' இதழில் மாரெக் குழுவினர் ஏறத்தாழ 50,000 பேரின் தரவைக் கொண்டு, மூளை அளவுகளையும் மனநலக் கூறுகளையும் நம்பத்தகுந்த வகையில் பொருத்திப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று காட்டினார்கள். இத்துறையில் வழக்கமாக ஓர் ஆய்வில் இருப்பவர்களோ ஏறத்தாழ 25 பேர்.

நரம்பிழை

மறுக்கவில்லை, ஐயா. ஆனால் இரண்டை வேறுபடுத்த வேண்டும். மாரெக் பார்த்தது பெரும்பாலும் பொதுமக்களிடையே உள்ள சிறு வேறுபாடுகளை. நோயுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் உள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது, குறைந்த எண்ணிக்கையிலும் தென்படக்கூடியது. மேலும் ஒரே திசையைக் காட்டும் சான்றுகள் எஃப்எம்ஆர்ஐ மட்டுமல்ல. 1992இல் மார்த்தா ஷென்டன் குழுவினர் மனச்சிதைவு உள்ள 15 ஆண்களிடம் இடது காதுக்கு மேலுள்ள மூளை மடிப்பு சிறுத்திருப்பதையும், அது எவ்வளவு சிறுத்திருக்கிறதோ அவ்வளவுக்குச் சிந்தனைச் சிதறல் கூடியிருப்பதையும் வழக்கமான எம்ஆர்ஐ அளவீட்டிலேயே கண்டார்கள். ஸ்கேனே இல்லாத சோதனைகளும் உண்டு. திரையில் 'உப்பு' என்று காட்டிவிட்டு அடுத்து 'அலை' என்று காட்டினால், இடையில் 'கடல்' என்னும் பாலம் இருப்பதால் அதைப் படிக்கும் வேகம் சிறிது கூடும். இவ்வகைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், சிந்தனைச் சிதறல் உள்ளவர்களிடம் இந்த வேகக் கூடுதல் மற்றவர்களைவிட மிகுதி. பக்கத்துச் சொற்கள் தேவைக்கு மேல் விழித்துக்கொள்கின்றன என்பதே அதன் பொருள்.

கணக்குப்பிள்ளை

அந்த 15 பேரை நான் கவனித்துக்கொண்டேன். சொற்சோதனையை ஒப்புக்கொள்கிறேன், அதற்குத் தலை அசைவுத் தொல்லை இல்லை.

கடலோரச் செவிலி (இராமநாதபுரம், மனநலப் பிரிவில் பணி)

வாடைக்கரை, விவாதம் நடக்கட்டும், நீங்கள் இதை முதலில் படியுங்கள். எம்ஆர்ஐ நார்மல் என்பது நல்ல செய்தி. கட்டியோ கசிவோ இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் அந்தச் சோதனையை எழுதிக் கொடுப்பார்கள். தூக்கமின்மை, யாரோ கவனிக்கிறார்கள் என்ற எண்ணம், தொடர்பு அறுந்த பேச்சு மூன்றும் சேர்ந்து சில மாதங்களாக இருந்தால் மனநல மருத்துவர் நேரில் பேசிப் பார்த்தே முடிவு செய்வார். இன்றும் அதுவே முதன்மையான பரிசோதனை.

ஆனால் சில குறிகள் இருந்தால் காத்திருக்காதீர்கள். காய்ச்சல், வலிப்பு, வாயோ கையோ தானாக இழுத்துக்கொள்வது, ஆளையும் இடத்தையும் அடையாளம் தெரியாமல் போவது, சில நாட்களுக்குள் திடீரென்று எல்லாம் மோசமாவது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் ஒரு வகை மூளையழற்சி இளையோரிடம் சைக்கோசிஸ் போலவே தொடங்கும். 2007இல் டால்மாவ் குழுவினர் அதற்குரிய எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். அதிலும் எம்ஆர்ஐ நார்மலாக வரக்கூடும், சிகிச்சையோ முற்றிலும் வேறு. கஞ்சாப் பழக்கம் உண்டா என்பதையும் கோபப்படாமல் கேட்டு வையுங்கள். மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

இரவில் அவரைப் படகில் அனுப்பாதீர்கள். மருந்து தொடங்கினால் முதல் வாரங்களில் தூக்கக் கலக்கம் வரும், வெயிலும் எளிதில் தாக்கும். இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பியதால், தொழிலுக்குத் தடை என்று மாத்திரையைக் கடலில் எறிந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் தொழிலைச் சொன்னால் மருந்தையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றித் தருவார். அரசு மருத்துவமனையில் இந்த மருந்துகள் இலவசம். வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.

கீழக்கரை உம்மா

வாடைக்கரை மகளே, காற்று கருப்பு என்று சொல்பவர்களோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதே. என் மகனுக்கும் பேச்சு இப்படித்தான் ஆயிற்று. நாங்கள் ஏர்வாடி தர்காவில் தங்கியிருந்தோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் மாண்டதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் எவரும் சங்கிலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. துஆவும் கேட்டோம், அங்கேயே வந்த அரசு மருத்துவக் குழுவிடம் மாத்திரையும் வாங்கினோம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இப்போது அவன் பேச்சு ஒழுங்காக வருகிறது, ஆனால் மிகக் குறைவாகப் பேசுகிறான். கேட்டால் ஒரு சொல், அத்தோடு சரி. மூளையில் இணைப்பு விட்டுப் போனதால்தானா? போனது போனதுதானா?

நரம்பிழை

உம்மா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே கடினமான கேள்வி. சிந்தனைச் சிதறலை அளவிட நான்சி ஆண்ட்ரீசன் 1979இல் வகுத்த அளவுகோலில் 18 கூறுகள் உண்டு. தடம் மாறுதல், கேள்வியை விட்டு விலகுதல், ஓசைக்காகச் சொற்களை அடுக்குதல் முதலியவை ஒரு பக்கம்; பேச்சு வறண்டுபோவதும், பேசியும் பொருள் இல்லாதிருப்பதும் மறுபக்கம். முதல் பக்கம் மருந்துக்குப் பெரும்பாலும் இணங்குகிறது, சிலருக்கு வாரங்களிலேயே. இரண்டாவது பக்கம் மெதுவாகத்தான் நகர்கிறது, வேலைக்கும் நட்புக்கும் தடையாக நிற்பதும் அதுவே. மருந்தின் அளவு கூடியிருந்தாலோ மனச்சோர்வு சேர்ந்திருந்தாலோ பேச்சு குறையலாம் என்பதால் மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இணைப்பு போனது போனதுதானா என்றால், அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நரம்பிழைகளின் மேலுறை முப்பது வயதை ஒட்டியும் உருவாகிக்கொண்டிருக்கிறது. பதின்பருவத்தில் மூளை தனக்கு வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடுகிறது. மனச்சிதைவில் இந்தக் கழிப்பு அளவு மீறுகிறதோ என்று 1982இலேயே ஃபைன்பர்க் எழுதினார். 2016இல் செகார் குழுவினர், சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் நோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுவதையும், அந்த மரபணு எலிகளில் இந்தக் கழிப்பில் பங்கு கொள்வதையும் காட்டினார்கள். நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் ஏன் தலைகாட்டுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். எஃப்எம்ஆர்ஐ அளக்கும் ஒத்திசைவோ இதைவிட நெகிழ்வானது. மருந்து பலன் தந்தவர்களிடம் ஸ்ட்ரையாட்டம் என்னும் ஆழப்பகுதி நெற்றிப் பகுதியோடு கொள்ளும் ஒத்திசைவு கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

மண்டபம் ஓய்வாசிரியர்

எல்லாவற்றையும் மூளைக்குள் வைத்துப் பேசினால், வெளியே நடப்பது கண்ணில் படாமல் போய்விடுமோ என்று எனக்கு ஓர் ஐயம். நம் பிள்ளைகள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வருகிறார்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் ஏறுகிறது. இவற்றுக்கு ஸ்கேனில் இடம் உண்டா?

நரம்பிழை

சிறுவயதுத் துன்பங்களும், ஊர் விட்டு ஊர் பெயர்தலும், ஒதுக்கப்பட்டு வாழ்வதும் சைக்கோசிஸ் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு, ஐயா. அவையும் மூளையின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். ஆனால் ஒரு தனி மனிதரைக் காட்டி இவருக்குக் கடனால் வந்தது என்று கை நீட்ட முடியாது. இவருக்கு இந்த இணைப்பால் வந்தது என்றும் நீட்ட முடியாது.

வாடைக்கரை

அனைவருக்கும் நன்றி. மதுரைப் பயணத்தைக் கைவிட்டோம். கடலோரச் செவிலி அக்கா சொன்னபடி இராமநாதபுரத்துக்கு அழைத்துப் போகிறோம், அப்பாவும் வருகிறார். காய்ச்சல், வலிப்பு எதுவும் இல்லை. ஒரு கேள்வி. மருத்துவரிடம் போனால் ஐந்து நிமிடம் அவன் நன்றாகப் பேசிவிடுவான். அப்போது என்ன செய்வது?

கடலோரச் செவிலி

வீட்டில் அவர் பேசுவதை, உங்கள் சொற்களில் மாற்றாமல், அவர் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதி வாருங்கள். கேள்வி என்ன, அவர் தந்த விடை என்ன, எந்த நேரம் என்று எழுதினால் போதும். நீங்கள் மேலே எழுதிய மோட்டார், டீசல், டெல்லி வரி ஒன்றே ஒரு மருத்துவருக்கு நிறையச் சொல்லும். குறுங்கேள்விகளுக்கு அவர் சரியாகவே விடை சொல்லக்கூடும். ஒரு நாள் முழுவதும் கடலில் என்ன செய்தாய் என்பது போன்ற விரிந்த கேள்வியில்தான் சிதறல் வெளிப்படும். நாள் தள்ளாதீர்கள். சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நீளும் அளவுக்கு மீட்சி கடினமாகிறது. நார்வேயில் 'டிப்ஸ்' என்ற திட்டத்தில் ஊர் மக்களுக்கும் பள்ளிகளுக்கும் குறிகளைச் சொல்லிக் கொடுத்த பகுதிகளில் அந்தக் காலத்தின் நடுமதிப்பு 5 வாரம். சொல்லிக் கொடுக்காத பகுதிகளில் 16 வாரம். அங்கே புது ஸ்கேன் எதுவும் வாங்கவில்லை.

கணக்குப்பிள்ளை

செவிலி அம்மா சொன்ன நோட்டையே இப்போது கணினி படிக்கத் தொடங்கியிருக்கிறது. 2015இல் பேடி குழுவினர் நோய் வரும் வாய்ப்புள்ள 34 இளையோரின் பேச்சைக் கணினிக்குக் கொடுத்து, ஒரு வாக்கியத்தின் பொருள் அடுத்ததற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அளந்தார்கள். பின்னாளில் சைக்கோசிஸ் வந்த ஐவரையும் அது சரியாகப் பிரித்தது. ஐந்து பேர் என்பதை நான் அடிக்கோடிட்டுத்தான் சொல்வேன்.

நரம்பிழை

ஐயா, எண்ணிக்கையைவிட எனக்கு வேறொரு கவலை. இந்த அளவைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சில் பழக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் 'அவன்', 'அது' யாரைக் குறிக்கிறது என்று தெரியாமல் போவதைச் சிதறலின் குறியாக எண்ணுகிறார்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றிலேயே ஆளைக் காட்டிவிடுவது இயல்பு. 'வந்தான், சாப்பிட்டான், போய்விட்டான்' என்று சொல்பவர் யாரும் நோயாளி அல்லர். 'போய்', 'எடுத்து', 'வந்து' என்று எச்சங்களாலேயே ஒரு பத்தியைக் கோர்த்துவிடவும் நம்மால் முடியும். அந்தக் கணினி நம் கரைப் பேச்சைக் கேட்டால் நோயில்லாதவரையும் சந்தேகிக்கலாம், நோயுள்ளவரையும் விட்டுவிடலாம்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் முதலில் வேண்டியது நோயில்லாத நம் ஆட்களின் பேச்சு. பாம்பன், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று ஊர்வாரியாக, படித்தவர் படிக்காதவர் இருசாராரிடமும், அவர்கள் ஒப்புதலோடு, ஒரே கேள்விக்குச் சொன்ன விடைகளைப் பதிவு செய்ய வேண்டும். இயல்பான பேச்சு எவ்வளவு அலைகிறது என்று தெரிந்த பிறகுதான் எது தடம் மாறியது என்று கணக்குச் சொல்ல முடியும். அதற்கு ஸ்கேன் மெஷின் தேவையில்லை, ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், தம்பி; மாதிரி அளவை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.